மலைக் கோவிந்தனும் இடது பின் சக்கரமும்

செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. பகல் பதினொன்றரை மணி இருக்கும். ஆலங்காயத்தில் என் ஷெட்டில் ஒரு டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். போன் இரண்டு மூன்று முறை கத்தி ஓய்ந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், டிரைவர்கள் குழுவில் யாரோ போட்டிருந்த படம். லாரி ஒன்று மலைச்சரிவில் பாறைமேல் சாய்ந்து கிடந்தது. மூட்டைகள் கிழிந்து சாலை முழுக்கப் புளி. முகப்பு நசுங்கிவிட்டதால் வண்டியின் பேர் தெரியவில்லை. ஆனால் அந்தரத்தில் நின்ற இடது பின் சக்கரம் நன்றாகத் தெரிந்தது. வேலை முடித்த சக்கரத்தின் போல்ட்டுகளுக்கு நான் பச்சைப் பெயின்ட் அடிப்பேன். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. யார் வண்டி என்று தெரிவதற்கு முன்பே அது என் கைவேலை என்று தெரிந்துவிட்டது.

இறந்தவர் கோவிந்தன். மலைக் கோவிந்தன் என்றால்தான் உங்களில் பலருக்குத் தெரியும். மலை ஏறி இறங்கும் லாரிக்காரர்களில் இரண்டு கோவிந்தன்கள் உண்டு. மற்றவர் உயரமானவர், அவருக்கு நெட்டைக் கோவிந்தன் என்று பேர். நம்மவர் புதூர்நாட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரர். நாற்பத்தெட்டு வயது. மனைவி செல்லி, இரண்டு பெண் பிள்ளைகள். இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினார். ஏறும்போது சிமெண்டும் செங்கல்லும், இறங்கும்போது சீசனைப் பொறுத்துப் புளியோ பலாப்பழமோ சாமையோ ஏற்றிவருவார். அன்று புளி லோடோடு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடி, எதிரே பைக்கில் ஏறிவந்த ஒரு வியாபாரியை அடித்துவிட்டுப் பாறையில் மோதியது. மலைக் கிராமங்களுக்குப் பிளாஸ்டிக் குடம் விற்கப் போகிறவர் அவர். இரண்டு பேரும் அங்கேயே முடிந்துபோனார்கள்.

குடம் விற்றவருக்கு ஆலங்காயம் பஸ் நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். வைக்க வேண்டியதுதான், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். கோவிந்தனுக்கும் வைக்கலாம் என்று அவருடைய ஊரிலிருந்து நாலு பேர் பேனரோடு வந்தார்கள். கொன்றவனுக்கும் பேனரா என்று டீக்கடையிலிருந்து சத்தம் வந்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடித்திருப்பான் என்றார் ஒருவர். தூங்கியிருப்பான் என்றார் இன்னொருவர். போலீஸ் தாளில் ஓட்டுநரின் அஜாக்கிரதை என்று ஏறிவிட்டது. நம் லாரித் தொழிலாளர் சங்கத்து ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத ஆள் கிடைக்கவில்லை என்று செயலாளர் சொன்னபோது, நான் எழுதுகிறேன் என்றேன். பிரேக் மெக்கானிக் எழுதும் தமிழ் இந்த லட்சணத்தில்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

பதினாலு வருஷத்துக்கு முன்பு அவர் முதன்முதலில் என் ஷெட்டுக்கு வந்தது சண்டை போடத்தான். காலையில் நான் பிரேக் வேலை செய்து அனுப்பிய வண்டியைச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாய், முன்னாடி வலது சக்கரம் மத்ததவிட சுடுது. டைட்டா வெச்சிட்டீங்க."

"யாருய்யா சொன்னது?"

புறங்கையைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தொழிலில் எனக்குப் பேர் உண்டு, என் பேரே பிரேக் பாய் என்று ஆகிவிட்ட காலம் அது. உன் கைக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். டைட்டாகத்தான் இருந்தது. சரிசெய்து கொடுத்தேன். வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை. அவரும் விடவில்லை. "கைக்கு டீ வாங்கிக் குடுங்க பாய்" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் வண்டியின் பிரேக்கில் வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை.

மலையில் வண்டி ஓட்டாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டி. உள்ளேயிருந்து லைனர் அதை அழுத்துவதால்தான் வண்டி நிற்கிறது. பாரத்தோடு இறங்கும்போது மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும். சூடு அளவுக்கு மீறினால் பெடலின் மேல் ஏறி நின்றாலும் பிடிக்காது. அதனால் மலை டிரைவர்கள் பாதி வழியில் வண்டியை நிறுத்தி ஆறவைப்பார்கள். கோவிந்தன் நிறுத்துவது, அடிவாரத்திலிருந்து எண்ணினால் நாலாவது திருப்பத்துக்குக் கீழே, சாலை கொஞ்சம் அகலமாக இருக்கும் இடத்தில். இருபது நிமிஷம். சக்கரம் சக்கரமாகப் போய்ப் புறங்கையை அருகில் கொண்டுபோவார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். அவர் பின்னால் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். "ஏர்றதுக்கு இஞ்சின் போதும் பாய். எறங்கறதுக்குத்தான் டிரைவர் வேணும்" என்பார்.

அவசரக்காரர்கள் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும், இரும்பு கெட்டுவிடும். ஒருமுறை வெளியூர் டிரைவர் ஒருவர் ஓடைத் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வருவதைக் கோவிந்தன் பார்த்துவிட்டார். கேனைப் பிடுங்கித் தண்ணீரைச் சாலையில் கொட்டினார். "அடுப்புல காய்ற சட்டியில பச்சத் தண்ணி ஊத்துனா இன்னா ஆவும்? போய் உன் வூட்டுல கேளு" என்று அந்த ஆளை அனுப்பியதை எனக்கு நடித்துக் காட்டினார். அன்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மலையில் பஸ் குறைவு என்பதால் லாரியில் தொற்றிக்கொண்டு இறங்குவது வழக்கம். கோவிந்தன் யாரையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், காசும் வாங்கமாட்டார். ஆனால் சரிவு செங்குத்தாகும் மூன்றாவது திருப்பம் வந்ததும் எல்லாரையும் கீழே இறக்கிவிடுவார். அவர்கள் ஒற்றையடிப் பாதையில் நடந்து அடிவாரத்துக்கு வரவேண்டும், அங்கே காத்திருந்து மறுபடி ஏற்றிக்கொள்வார். ஒருநாள் ரிப்பேராகி நின்ற வண்டி ஒன்றைப் பார்க்க நான் மேலே போய்விட்டு அவரோடு திரும்பினேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய வயதான அம்மா ஒருவர் பட்டுச்சேலையோடு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது திருப்பத்தில் இறங்கச் சொன்னதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"முள்ளுல நடந்தா செருப்பு பிஞ்சி பூடும்பா."

"செருப்புதான ஆயா, தெச்சிக்கலாம்."

"நீ மட்டும் ஒக்காந்துனு வருவ, நாங்க நடக்கணுமா?"

"நான் இதுக்குச் சம்பளம் வாங்கறேன் ஆயா. உனுக்கு யாரு குடுக்கறா?"

என்னையும் சேர்த்துத்தான் இறக்கிவிட்டார். பட்டுச்சேலை அம்மாவின் வசவைக் கேட்டுக்கொண்டே நானும் அந்தப் பாதையில் இறங்கினேன்.

அந்தச் சம்பளம் மூன்று வருஷத்துக்கு முன்பு மாறியது. அதுவரை மாதச் சம்பளம், ஓடும் நாளுக்குப் பேட்டா. வண்டி ஷெட்டில் நின்றாலும் வீட்டில் உலை கொதிக்கும். அவருடைய முதலாளி வண்டிகளைப் பெருக்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் நடைக் கணக்கு என்று ஆக்கிவிட்டார். மலை ஏறி இறங்கினால் ஒரு நடை, நடைக்கு இவ்வளவு. நாளைக்கு இரண்டு நடை போனால் பழைய வருமானத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மூன்று போனால்தான் கையில் ஏதாவது தங்கும். ஓடாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. முதலாளியை நான் அரக்கன் என்று எழுதமாட்டேன். தவணை அவர் கழுத்தைப் பிடித்தது, புளி மண்டிக்காரர் வாடகையைக் குறைத்தார், அவர் தன் பங்குக்கு டிரைவரின் கழுத்தைப் பிடித்தார். டிரைவருக்குப் பிடிப்பதற்கு ஸ்டியரிங்கைத் தவிர ஒன்றும் இல்லை.

அதோடு வண்டிகளில் ஒரு கருவியையும் பொருத்தினார்கள். வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பது ஆபீஸ் திரையில் தெரியும். இன்னொரு நாள் அவரோடு இறங்கியபோது இதைக் கண்ணால் பார்த்தேன். நாலாவது திருப்பத்துக்குக் கீழே வழக்கமான இடத்தில் நிறுத்தினார். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் போன் வந்தது. ஆபீஸில் வேலை செய்யும் பெண், மரியாதையான குரல்.

"அண்ணா, வண்டி நாலு நிமிஷமா நிக்குதுங்களே?"

"ஒண்ணுக்கு வந்தேம்மா."

"காலையிலயும் அதேதானே சொன்னீங்க?"

"சக்கர வியாதின்னு எழுதிக்கம்மா."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. நின்ற நேரம் கூடிப்போனால் மூன்றாவது நடையை வேறு வண்டிக்கு மாற்றிவிடுகிறார்கள் என்றார். அந்தப் பெண்ணை நொந்து என்ன பயன், அதுவும் சம்பளத்துக்குத்தான் கேட்கிறது என்றும் சொன்னார். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சக்கரங்களைப் பார்க்காமலே ஏறி வண்டியை எடுத்தார். நான் பார்த்து, அவர் புறங்கை வைக்காமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அன்று என்னை மூன்றாவது திருப்பத்தில் இறக்கிவிடவும் இல்லை. இறங்கி ஏற நேரம் எங்கே இருக்கிறது என்றார்.

போன புளி சீசனில் லைனர் மாற்ற அவருடைய வண்டி என்னிடம் வந்தது. இடது பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தேன். உள்பக்கம் முழுக்க மயிரிழை விரிசல்கள், இரண்டு மட்டும் நகம் பதியும் அளவுக்கு ஆழம். வெளிப்பக்கம் தண்ணீர் காய்ந்து படிந்த வெள்ளைக் கறை. எனக்கு நம்ப முடியவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னாய்யா இது?"

அவர் டிரம்மைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனியா?"

"அஞ்சி நிமிசத்துல காத்து ஆத்தாது பாய். தண்ணிதான் ஆத்தும்."

கத்தினேன். கேனைப் பிடுங்கிக் கொட்டிய ஆள் நீதானே என்றேன். அடுத்தவர் செய்தால் பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்த ஒன்றை, தெரிந்தே தினமும் மூன்று தடவை செய்துகொண்டிருந்தார். இதைத்தான் அஜாக்கிரதை என்று எழுதுகிறார்கள். ஜாக்கிரதையாக இருந்த காலத்தில் அந்த மனிதருக்கு ஒரு நடை குறைந்தது என்பதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். புது டிரம் வேண்டும், வேலூரிலிருந்து வரவழைத்து மாட்ட நாலு நாள் ஆகும் என்றேன். "சீசன் முடியட்டும் பாய். மே மாசம் எல்லா வண்டிக்கும் சேத்து மாத்திடலாம். இப்பைக்குக் கடைசல் புடிச்சி மாட்டி அனுப்புங்க" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கோவிந்தனிடமும் சொன்னேன், வண்டி நிற்கட்டும், நான் மாட்டமாட்டேன் என்று. அதுவரைக்கும் நான் யோக்கியன்தான்.

அவர் என் எதிரே ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்தார்.

"பாய், சொல்றத கேளுங்க. நாலு நாள் நின்னா வண்டி எங் கைய வுட்டுப் பூடும். வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுத்தா குடுக்கட்டும். உசுரோட இருப்ப."

"அந்த ஆளும் இதே டிரம்முலதான எறங்குவான்? நீங்க மாட்டலன்னா திருப்பத்தூர்ல ஒரு ஆளு மாட்டுவான். அதுக்கு நானே எறங்கறேன் பாய். எனக்காச்சும் எங்க மிதிக்கணும், எங்க மிதிக்கக் கூடாதுன்னு தெரியும்."

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். சம்பளம் போய்விடும் என்று மட்டும் அவர் கெஞ்சியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். இன்னொருவன் சாவான், அதற்கு நான் போகிறேன் என்று சொன்ன மனிதரிடம் என் பிடிவாதம் செல்லவில்லை. டிரம்மைப் பக்கத்து லேத்தில் கொடுத்துக் கடைசல் பிடித்தேன். உள்பக்கத்தைச் சீவிவிட்டதில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இரும்புக்குள் அது அப்படியேதான் இருக்கும் என்று லேத்துக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாட்டி, போல்ட்டுகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தேன். "பொண்ணு பாக்கக் கெளம்புன மாரி இருக்குது பாய்" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் ஓடியது.

படத்தைப் பார்த்த அன்று பகலே மேலே போனேன். சாலையில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் குடங்கள் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. வெயிலில் புளி வாடை தூக்கி அடித்தது. மேலே கொல்லையில் சாமை வரகு பயிரிடும் குடும்பம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது திருப்பத்திலிருந்தே ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது என்றார்கள். கடைசிவரைக்கும் கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தாராம். தூங்குகிறவன் ஹாரன் அடிக்கமாட்டான். இதை நான் அங்கேயே, அப்போதே, எல்லார் எதிரிலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வண்டியை இழுத்துவந்து போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் போட்டார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் இடது பின் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். டிரம் இரண்டாகப் பிளந்திருந்தது. லோடோடு இறங்கும்போது ஒரு சக்கரம் பிடியை விட்டால் மற்றவையும் பாரம் தாங்காமல் சூடேறிக் கைவிட்டுவிடும். இரும்பு இப்போதுதான் உடைந்தது என்றால் உடைந்த இடம் வெள்ளிபோலப் பளிச்சென்று இருக்கும். பழைய விரிசல் என்றால் கறுத்திருக்கும். அதில் முக்கால் பங்கு கறுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் பளபளத்தது. அந்த ஒரு விரல் இரும்புதான் மூன்று வாரம் கோவிந்தனைத் தாங்கியிருக்கிறது. வண்டியைச் சோதித்தவர்களின் தாளில், பாறையில் மோதியதால் டிரம் உடைந்தது என்று எழுதியிருந்தார்கள்.

அதன்பிறகு முதலாளி ஷெட்டுக்கு வந்தார். அவரும் அழுதார், அதை நான் மறைக்க விரும்பவில்லை. டீ குடித்தார். கிளம்பும்போது தோளில் கை வைத்து, "உங்களுக்கும் ஒரு ஷெட்டு இருக்குது, எனக்கும் நாலு வண்டி ஓடணும் பாய். யோசிச்சிப் பேசுங்க. மாட்டுனது நீங்கதானே?" என்றார். யோசித்தேன். என் பிள்ளைகளை யோசித்தேன், கடன்காரர்களை யோசித்தேன், என் பேரை யோசித்தேன். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் கோவிந்தனைக் குடிகாரன் என்று பேசும்போது எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய் நின்றால் ஒரு வார்த்தைகூட மனசில் ஒட்டவில்லை.

ஒரு மாதம் கழித்துச் செல்லி வந்தார். ஷெட் வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அவரு குடிச்சிட்டு ஓட்டுனாருன்னு சொல்றாங்க பாய். எங்க ஊருலயே சில பேரு மொகத்தத் திருப்பிக்கறாங்க. பொண்ணுங்கள காலேஜில கேக்கறாங்களாம். நீங்க அவர நல்லா தெரிஞ்சவரு. சொல்லுங்க, அவரு மேல தப்பா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. டிரம்மில் விரிசல் இருந்ததைச் சொன்னேன். முதலாளியிடம் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் சொன்னேன். மாட்டியது நான் என்று சொன்னேன். அவர் சத்தம் போடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். செல்லி என் கைகளைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் போனாரா, டெய்லி?"

"ஆமாம்மா."

"அப்ப அவருக்குத் தெரியும், மொதலாளிக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எங்களுக்கு மட்டும்தான் தெரியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது கோர்ட்டில் சொன்னேன். கறுப்பும் வெள்ளையுமாக டிரம் உடைந்திருந்த விதத்தைச் சொன்னேன், நாலாவது திருப்பத்துக்கு வரும் போனைப் பற்றிச் சொன்னேன், ஹாரன் சத்தத்தைச் சொன்னேன். முதலாளி தரப்பு வக்கீல் எழுந்து, "டிரைவர் வற்புறுத்தியதால்தானே மாட்டினீர்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அந்தப் பாதியைச் செத்த மனிதர் தலையில் வைக்கத்தான் அவர் கேட்கிறார் என்பதும் புரிந்தது. கோவிந்தன் கேட்டது உண்மை, மாட்டுவதும் மாட்டாததும் என் கையில் இருந்தது என்றேன். வழக்கு இன்னும் முடியவில்லை. முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. என் ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த முதலாளிகளில் மூன்று பேர் இப்போது வருவதில்லை.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் குடம் விற்றவரின் மனைவி நின்றிருந்தார். விசாரணைக்கு அவரும் வந்திருந்தார். அவரை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு தாண்டப் பார்த்தேன். அவரே நிறுத்தினார்.

"அப்ப அந்த ஆளு குடிக்கலயா?"

"இல்லம்மா. அவரு குடிக்கவே மாட்டாரு."

"ஹாரன் அடிச்சிக்கினேதான் வந்தாரா?"

"ஆமாம்மா. மேலருந்தே."

"இவருக்குக் காது சரியாக் கேக்காது" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அங்கே சிமெண்ட் பெஞ்சில் செல்லி உட்கார்ந்திருந்தார். இந்த அம்மாவும் போய் அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். பேரைக் கூப்பிடும்வரைக்கும் அப்படியே இருந்தார்கள்.

இப்போது என் ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். விரிசல் கண்ட டிரம்மைக் கழற்றினால், டிரைவரின் கண்ணெதிரிலேயே அதைத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து உடைத்துவிடுகிறேன். அதன்பிறகு கெஞ்சுவதற்கு அவருக்கும் ஒன்றும் இருக்காது, மாட்டுவதற்கு எனக்கும் ஒன்றும் இருக்காது. இதைப் பெரிய காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடைக் கணக்கு அப்படியே இருக்கிறது, போனும் வந்துகொண்டுதான் இருக்கிறது. என் ஒரு அடியில் போவது அந்த டிரைவரின் நாலு நாள் சோறு. எனக்கு ஒன்றும் போவதில்லை. போன வாரம் ஒருவர், "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா" என்று தெருவே கூடும்படி கத்தினார். செத்துப்போன என் அப்பாவரைக்கும் இழுத்துத் திட்டினார். நான் சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, தலையைக் குனிந்து முழுசாகக் கேட்டேன். அது கோவிந்தன் என்னைத் திட்டியிருக்க வேண்டிய திட்டு. நான் மாட்டிக் கொடுத்ததால் அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் வாங்காமல் விட்டதை இப்போது மற்றவர்களிடம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.